ஆய்வகத்திலிருந்து கம்பெனி வரை: ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தின் பல்கலைக்கழக ஸ்டார்ட்அப்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் பேசும் மூன்று நாடுகளிலும் நல்ல ஆய்வகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஆய்வகத்தில் பிறந்த ஒரு விஷயம் கம்பெனியாக மாறும் வழி நாட்டுக்கு நாடு மாறும். சில நேரம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம்கூட மாறும். அங்கே மாஸ்டர்ஸ், பிஎச்.டி. படிக்கப் போயிருக்கும் தமிழ் மாணவர்களும், இங்கிருந்தே அந்த உலகத்தைக் கவனிப்பவர்களும் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். சட்டமும் உதவித்தொகையும் அவ்வப்போது திருத்தப்படும். எதற்கும் விண்ணப்பிக்கும் முன் உரிய அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

டீப் டெக் என்று எதைச் சொல்கிறார்கள்? மொபைல் ஆப் செய்யும் கம்பெனியும் அதில் சேருமா?

பெரும்பாலும் சேராது. சாப்பாடு டெலிவரி ஆப் தொடங்குகிறவருக்கு ஆப் ஓடும் என்பது முன்பே தெரியும். மக்கள் வாங்குவார்களா என்பதுதான் அவருடைய கவலை. டீப் டெக்கில் நிலைமை வேறு. அணுக்கரு இணைவில் மின்சாரம், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் இயந்திரம், குவாண்டம் கணினி போன்றவற்றில் பொருள் வேலை செய்யுமா என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை காணவே பல ஆண்டுகள் ஆய்வகத்தில் கழிந்திருக்கும். அதனால்தான் பல்கலைக்கழகம் இல்லாமல் இந்தப் பேச்சே கிடையாது.

ஆய்வகத்தில் நான் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்?

மற்ற எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் நாளே இதைத் தெளிவாக்கிக்கொள்ளாதவர்கள் மூன்று வருடம் கழித்து முதலீட்டாளர் முன்னால் திணறுகிறார்கள்.

ஜெர்மனியில் 2002 பிப்ரவரி வரை பேராசிரியர்களுக்கு ஒரு தனிச் சலுகை இருந்தது: அவர்களுடைய கண்டுபிடிப்பு அவர்களுக்கே சொந்தம். அந்த ஆண்டு சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பேராசிரியரும் மற்ற ஊழியர்களைப் போலத் தன் கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நான்கு மாதத்துக்குள் பல்கலைக்கழகம் “எங்களுக்கு வேண்டாம்” என்று விடுவிக்காவிட்டால், அது பல்கலைக்கழகத்தின் சொத்தாகிவிடும். அதற்கு ஈடாக, அந்தக் கண்டுபிடிப்பால் பல்கலைக்கழகத்துக்கு வரும் வருமானத்தில் 30 சதவீதம் கண்டுபிடித்தவருக்குப் போக வேண்டும்.

ஆஸ்திரியாவில் 2004 முதல் உரிமை பல்கலைக்கழகங்களிடம் இருக்கிறது. கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்ய அங்கே மூன்று மாதம். சூரிக் இ.டி.எச். போன்ற சுவிஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களிலும் ஊழியர்கள் கண்டுபிடித்தது நிறுவனத்துக்கே உரியது.

நான் ஊழியன் இல்லை, மாஸ்டர்ஸ் மாணவன்தான். எனக்கும் இதே விதியா?

இல்லை. ஜெர்மனியில் சம்பள ஒப்பந்தம் இல்லாத மாணவரின் கண்டுபிடிப்பு அவருக்கே சொந்தம். ஆனால் மாதம் சில மணி நேரம் ‘ஹிவி’யாக, அதாவது ஆய்வகத்தில் சம்பளத்துக்கு உதவியாளராக வேலை பார்த்தால், அந்த வேலையில் பிறந்ததற்கு ஊழியர் விதி வந்துவிடும். தீசிஸை ஒரு தனியார் கம்பெனியோடு சேர்ந்து செய்கிறீர்களா? தொடங்கும்போது நீட்டப்படும் தாளில் உரிமையை முழுசாக எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் வரி விடாமல் படியுங்கள். ஜெர்மன் புரியவில்லை என்றால் புரிந்தவரை வைத்துப் படியுங்கள்.

பிஎச்.டி. செய்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கே சம்பளம் வாங்கும் ஊழியர்கள். அவர்கள் ஊழியர் கணக்கில்தான் வருவார்கள்.

கட்டுரை வெளியிட்டுவிட்டேன். இனி காப்புரிமை எடுக்கலாமா?

ஐரோப்பாவில் பெரும்பாலும் முடியாது. அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமைக்கு அது கிடையாது. மாநாட்டுச் சுவரொட்டி, இணையத்தில் ஏற்றிய முன்வரைவு, எல்லோருக்கும் திறந்த கருத்தரங்கில் காட்டிய ஸ்லைடு எல்லாமே வெளியீடுதான். அப்புறம் அது புதியது என்று சொல்லிக் காப்புரிமை கேட்க வழியில்லை.

அதற்காகக் கட்டுரையைக் கைவிட வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். முதலில் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் கண்டுபிடிப்பைப் பதிவு செய்யுங்கள், அவர்கள் காப்புரிமை விண்ணப்பம் போடட்டும், மறுநாளே கட்டுரையை அனுப்பலாம். வழிகாட்டிப் பேராசிரியர் அவசரப்படுத்துவார். மாநாட்டுக் கடைசித் தேதி நெருங்கும். அந்த இரண்டு வாரம் பொறுப்பது பின்னால் கம்பெனியையே காப்பாற்றும்.

உரிமை பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது என்றால், என் கம்பெனி அதை எப்படி வாங்கும்?

மூன்று வழி உண்டு: காப்புரிமையை விலைக்கு வாங்குவது, உரிமம் எடுத்து விற்பனையில் ஒரு சதவீதம் கொடுப்பது, அல்லது பணத்துக்குப் பதில் கம்பெனியில் பங்கு கொடுப்பது. நடைமுறையில் இவை கலந்தே வரும்.

சிக்கலும் இங்கேதான். கையில் காசில்லாத புதுக் கம்பெனியிடம் முன்பணம் கேட்டால் அது தொடங்கும் முன்பே முடிந்துவிடும். பெரிய பங்கு கேட்டால், அடுத்து வரும் முதலீட்டாளர் “வேலை செய்யாத ஒருவரிடம் இவ்வளவு பங்கா?” என்று பின்வாங்குவார். பேச்சுவார்த்தை ஒரு வருடம் இழுத்தால் நல்ல ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்றுமே அங்கே நடந்திருக்கின்றன, இன்னும் நடக்கின்றன. என்னைக் கேட்டால், ஜெர்மனியில் அறிவியல் குறைவாலோ அரசுப் பணம் குறைவாலோ முடங்கும் யோசனைகளைவிட இந்த மேசையில் முடங்குபவை அதிகம். பல்கலைக்கழகங்களின் நோக்கம் கெட்டதல்ல. பொதுப்பணத்தில் உருவானதைச் சும்மா கொடுத்துவிட்டார்கள் என்ற பழி வருமோ என்று அங்குள்ள அதிகாரி பயப்படுகிறார். பயத்தோடு பேரம் பேசுகிறவர் நிதானமாகத்தான் பேசுவார்.

இதை மாற்ற முயற்சிகள் நடக்கின்றன. லைப்சிக்கில் 2019-ல் தொடங்கிய ஸ்ப்ரிண்ட் என்ற கூட்டாட்சி அமைப்பு, மற்ற அமைப்புகளோடு சேர்ந்து, எல்லாப் பல்கலைக்கழகங்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மாதிரி ஒப்பந்தங்களை உருவாக்கியது. அதில் எனக்குப் பிடித்தது ‘மெய்நிகர் பங்கு’ முறை. பல்கலைக்கழகம் பங்குதாரர் பட்டியலில் வராது, ஓட்டு கிடையாது, கூட்டத்துக்கு வர வேண்டாம். என்றைக்காவது கம்பெனி விற்கப்பட்டால், ஒப்புக்கொண்ட சதவீதத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். பல்கலைக்கழகத்துக்கும் நஷ்டமில்லை, நிறுவனர் கையும் கட்டப்படுவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: முதல் சந்திப்பிலேயே நிபந்தனைச் சுருக்கத்தை எழுத்தில் கேளுங்கள். முழு ஒப்பந்தம் பின்னால் வரட்டும். எந்தக் காப்புரிமை, எந்தத் துறைக்கு, ஏறக்குறைய என்ன விலை என்ற இரண்டு பக்கத் தாள் கையில் இருந்தால் முதலீட்டாளரிடம் பேசலாம்.

கம்பெனி தொடங்கும் வரை சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஜெர்மனியின் பலமே இதுதான். 1998 முதல் நடக்கும் எக்சிஸ்ட் திட்டத்தில் ஓராண்டு உதவித்தொகை கிடைக்கும்: முனைவர் பட்டம் பெற்றவருக்கு மாதம் 3,000 யூரோ, பட்டதாரிக்கு 2,500, மாணவருக்கு 1,000. குழந்தை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 150 யூரோ கூடுதல். குழுவாக இருந்தால் மூன்று பேர் வரை. விண்ணப்பத்தை நீங்கள் நேரடியாகப் போட முடியாது, பல்கலைக்கழகம்தான் போட வேண்டும். ஆகவே பரிமாற்ற அலுவலகத்தோடு நல்ல உறவு இங்கேயும் தேவை.

கருவி, மூலப்பொருள் என்று செலவு பிடிக்கும் ஆராய்ச்சிக்கு எக்சிஸ்ட் ஃபோர்ஷுங்ஸ்டிரான்ஸ்ஃபர் என்ற தனிப் பிரிவு. பல்கலைக்கழகச் சம்பளத்திலேயே நான்கு பேர் வரை வேலை செய்துகொண்டு, பொருள் செலவுக்கு 2,50,000 யூரோ வரை பெற்று, மாதிரி இயந்திரத்தைக் கட்டி முடிக்கலாம். கம்பெனி பதிவான பிறகு இரண்டாம் கட்டமாக 1,80,000 யூரோ வரை வரும். அதற்கு நிறுவனர்களும் தங்கள் பக்கத்திலிருந்தோ முதலீட்டாளரிடமிருந்தோ ஒரு பங்கு போட வேண்டும்.

இ.டி.எச். சூரிக்கில் பயனியர் ஃபெலோஷிப் 1,50,000 ஃபிராங்க் தருகிறது. அதிகபட்சம் 18 மாதம். சுவிட்சர்லாந்தில் 2007 முதல் வென்ச்சர் கிக் அமைப்பும் படிப்படியான போட்டிகளில் 1,50,000 ஃபிராங்க் வரை தருகிறது. ஆஸ்திரியாவில் எஃப்எஃப்ஜி, ஏடபிள்யூஎஸ் என்ற இரண்டு அரசு அமைப்புகளைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு ஆராய்ச்சி உண்மையில் எப்படிக் கம்பெனியானது? நடந்ததைச் சொல்லுங்கள்.

மூன்று வகையைச் சொல்கிறேன். மூன்றும் மூன்று மாதிரி.

முதலாவது, கருவியையே விற்றது. மியூனிக் பக்கத்தில் கார்ஹிங் என்ற ஊரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில் தியோடோர் ஹென்ஷ் குழு, ஒளியின் அதிர்வெண்ணை மிகத் துல்லியமாக அளக்க ஒரு வழி கண்டது. மிகக் குறுகிய லேசர் துடிப்புகளை விடாமல் அனுப்பினால், நிறமாலையில் சீப்புப் பல் போலச் சம இடைவெளியில் கோடுகள் விழும். அந்தக் கோடுகளே அளவுகோல். அதற்கு முன் அறை நிறைய அடுக்கிய கருவிகள் செய்த வேலையை ஒரு மேசை செய்துவிட்டது. உலகம் முழுக்க ஆய்வகங்கள் அந்தக் கருவியைக் கேட்கத் தொடங்கின. 2001-ல் மென்லோ சிஸ்டம்ஸ் பிறந்தது. ஹென்ஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2005-ல்தான். கம்பெனி அதற்கு நான்கு வருடம் மூத்தது. வாடிக்கையாளர்கள் விஞ்ஞானிகளே என்பதால் விற்க யாரையும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, மாணவர்கள் பிடிவாதமாகப் பின்தொடர்ந்தது. கிறிஸ்டோஃப் கெபால்டும் யான் வுர்ஸ்பாஹரும் ஜெர்மனியிலிருந்து இ.டி.எச். படிக்க வந்தவர்கள். 2009-ல் கிளைம்வொர்க்ஸ் தொடங்கினார்கள். பெரிய மின்விசிறிகள் வெளிக்காற்றை இழுத்து ஒரு வடிகட்டி வழியாக விடும். கார்பன் டை ஆக்சைடு அதில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டி நிறைந்ததும் பெட்டியை மூடி ஏறக்குறைய 100 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு பிரிந்து வரும். 2017-ல் சூரிக் பக்கத்தில் ஹின்வில் ஊரில், ஒரு குப்பை எரி ஆலையின் கூரைமேல் முதல் வணிக ஆலையை வைத்தார்கள். எரி ஆலையின் வீண் வெப்பம் வடிகட்டியைச் சூடாக்கியது. கிடைத்த வாயு பக்கத்துக் காய்கறிப் பசுமைக்குடிலுக்குப் போனது. 2021-ல் ஐஸ்லாந்தில் ஆண்டுக்கு 4,000 டன் பிடிக்கும் திறனோடு ஓர்கா ஆலை. அங்கே வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பாறைக்குள் செலுத்திக் கல்லாக்குகிறார்கள். 2024-ல் 36,000 டன் திறனுக்குத் திட்டமிட்ட மாமத் இயங்கத் தொடங்கியது. இடர்ப்பாடும் உண்டு: 2025 மே மாதம் ஊழியர்களில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலானோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள்.

மூன்றாவது, அரசு பல பத்தாண்டுகள் செலவழித்ததன் தோள்மீது ஏறியது. ஜெர்மனியின் வடகோடியில் கிரைஃப்ஸ்வால்ட் ஊரில் வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற இணைவு இயந்திரம் இருக்கிறது. பிளாஸ்மா எனப்படும் அதிவெப்ப வாயுவைக் காந்தப்புலத்தால் பிடித்து வைக்க 70 மீக்கடத்திச் சுருள்கள், அதாவது மின்தடையே இல்லாத காந்தச் சுருள்கள். அவற்றில் 50 சுருள்கள் முறுக்கித் திருகியது போன்ற வடிவத்தில் இருக்கும். அந்த வடிவத்தை மனிதர் வரைந்து கண்டுபிடிக்க முடியாது, பெரிய கணினிதான் கணக்கிட்டுக் கொடுத்தது. பொருத்தி முடிக்கவே பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் உழைப்பு. 2015 டிசம்பரில் முதல் பிளாஸ்மா. அந்த இயந்திரம் தந்த பாடங்களை எடுத்துக்கொண்டு மாக்ஸ் பிளாங்க் பிளாஸ்மா இயற்பியல் நிறுவனத்திலிருந்து 2023-ல் பிராக்சிமா ஃபியூஷன் வெளியே வந்தது. 2025 ஜூனில் 13 கோடி யூரோ முதலீடு கிடைத்தது. மின்சாரம் வர இன்னும் வெகுதூரம். ஆனால் இப்படி ஒரு கம்பெனி கிரைஃப்ஸ்வால்டின் இருபது வருட உழைப்பு இல்லாமல் நடக்க வழியே இல்லை.

பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமா?

வேண்டாம், வருவதும் அபூர்வம். பேராசிரியர் இணை நிறுவனராகவோ ஆலோசகராகவோ இருப்பார். முழுநேரம் கம்பெனியைச் சுமப்பவர்கள் பிஎச்.டி. முடித்த இளைஞர்கள்தான். ஜெர்மனியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு (மருத்துவத்தில் ஒன்பது) என்று சட்டம் பொதுவாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நிரந்தர இடங்களோ மிகக் குறைவு. திறமையானவர் எப்படியும் வெளியே வரத்தான் போகிறார். அவர் வெளியே வரும்போது தன் ஆராய்ச்சியையும் கூட்டிக்கொண்டு வர முடிகிறதா என்பதுதான் கேள்வி.

ஏன் மியூனிக், சூரிக் பெயர்களே அடிக்கடி வருகின்றன?

மியூனிக்கில், பிஎம்டபிள்யூ குடும்பத்தைச் சேர்ந்த சுசானே கிளாட்டன் 2002-ல் உன்டர்நேமர்-டியூஎம் என்ற ஸ்டார்ட்அப் உதவி மையத்தைத் தொடங்கினார். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடந்தாலும் அது தனி நிறுவனம், அதனால் பல்கலைக்கழக விதிமுறைகளுக்குள் சிக்காமல் வேகமாக நகர்கிறது. கூடவே மாணவர் மன்றங்கள். அங்குள்ள ராக்கெட் மன்றத்திலிருந்து வந்தவர்கள் 2018-ல் தொடங்கியது இசார் ஏரோஸ்பேஸ். 2025 மார்ச் 30 அன்று நார்வேயிலிருந்து அவர்களுடைய முதல் ராக்கெட் கிளம்பியது. சுமார் அரை நிமிடத்தில் கடலில் விழுந்தது. முதல் முயற்சிக்கு அது கேவலமில்லை.

சூரிக் விஷயம் எளிது: பழக்கம். 1973 முதல் இ.டி.எச்.சிலிருந்து 500-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் வந்திருக்கின்றன. 2023-ல் மட்டும் 43. பக்கத்து ஆய்வக மேசையில் இருந்தவர் போன வருடம் கம்பெனி தொடங்கினார் என்றால் உங்களுக்கும் அது சாதாரண விஷயமாகிவிடும்.

ஆஸ்திரியா பின்தங்கியதா?

அளவில் சிறியது, தரத்தில் இல்லை. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் கோபெட்ஸ் வளர்த்த ஆராய்ச்சியிலிருந்து 1998-ல் வந்த டிடிடெக்கின் நெட்வொர்க் தொழில்நுட்பம் நாசாவின் ஓரியன் விண்கலம் வரை போயிருக்கிறது. இன்ஸ்ப்ரூக்கில் ரைனர் பிளாட், பீட்டர் சோலர், தாமஸ் மோன்ஸ் 2018-ல் தொடங்கிய ஏக்யூடி, அயனிகளை வைத்துக் குவாண்டம் கணினி கட்டுகிறது.

கம்பெனி பதிவு செய்வது கஷ்டமா?

ஜெர்மனியில் ஜிஎம்பிஹெச்சுக்கு, அதாவது நம்மூர் பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனி வடிவத்துக்கு, 25,000 யூரோ மூலதனம். பதிவின்போது பாதி கட்டினால் போதும். நோட்டரி கட்டாயம். அதுவும் பேருக்கு அல்ல. ஒப்பந்தத்தை அவர் முழுக்க வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது சட்டம். முதலீட்டுச் சுற்றில் நூறு பக்கத்துக்கு மேல் ஒப்பந்தம் இருந்தால், எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மணிக்கணக்கில் வாசிப்பார். தண்ணீர் பாட்டிலோடு போங்கள். ஆஸ்திரியா 2024 முதல் ஜிஎம்பிஹெச் மூலதனத்தை 10,000 யூரோவாகக் குறைத்து, ஸ்டார்ட்அப்களுக்காக ஃபிளெக்ஸ்காப்ஜி என்ற புது வடிவத்தையும் கொண்டுவந்தது. சுவிஸ் ஜிஎம்பிஹெச்சுக்கு 20,000 ஃபிராங்க், பங்கு நிறுவனத்துக்கு 1,00,000 ஃபிராங்க்.

ஆரம்பப் பணம் கிடைக்கிறது. அப்புறம்?

அப்புறம்தான் பள்ளம். 2005-ல் தொடங்கிய ஹை-டெக் கிரிண்டர்ஃபோன்ட்ஸ் போன்ற அரசு-தனியார் நிதியால் முதல் சுற்றுப் பணம் ஜெர்மனியில் ஓரளவு எளிதாகக் கிடைக்கும். தொழிற்சாலை கட்டப் பெரும் தொகை தேவைப்படும்போது பெரும்பாலும் அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

லிலியம் கதையைப் பாருங்கள். மியூனிக் மாணவர்கள் நான்கு பேர் 2015-ல் தொடங்கிய மின்சார விமான கம்பெனி. 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2024 அக்டோபரில், கேட்ட அரசுக் கடன் உத்தரவாதத்துக்கு நாடாளுமன்ற பட்ஜெட் குழுவில் ஒப்புதல் கிடைக்காமல் திவால் மனு போட்டது. 2025-ல் அதன் ஏறக்குறைய 300 காப்புரிமைகளை அமெரிக்காவின் ஆர்ச்சர் கம்பெனி 1.8 கோடி யூரோவுக்கு வாங்கிக்கொண்டது. அந்த விமானம் லாபத்தில் ஓடியிருக்குமா என்பது வேறு விவாதம். பத்து வருடப் பொறியியல் இந்த விலைக்குப் போனது எனக்கு வலிக்கிறது.

மறுபக்கம் பயோஎன்டெக். மைன்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்களான உகுர் சாஹினும் ஓஸ்லெம் துரேஜியும் கிறிஸ்டோஃப் ஹூபரோடு சேர்ந்து 2008-ல் தொடங்கியது. தங்கள் மருந்து கம்பெனியான ஹெக்சலை நோவார்ட்டிஸுக்கு விற்றிருந்த ஸ்டிரிங்மன் சகோதரர்கள் 15 கோடி யூரோ போட்டார்கள். கோவிட் தடுப்பூசி வந்தது 2020-ல். பன்னிரண்டு வருடம் சந்தையில் ஒரு மருந்துகூட இல்லாமல் காத்திருக்க அவர்களால் முடிந்தது. அவ்வளவு பொறுமையான பணம் ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட முடிவால் வந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

இந்தியக் குடிமகன்/குடிமகள் அங்கே கம்பெனி தொடங்கலாமா?

தொடங்கலாம். கம்பெனியில் பங்கு வைத்திருப்பதற்கு விசா தடையில்லை; அதை நடத்துவதுதான் அனுமதி தேவைப்படும் வேலை. மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர் ஜெர்மன் வெளிநாட்டினர் அலுவலகத்தில் முன்கூட்டியே சுயதொழில் அனுமதி கேட்க வேண்டும். ஜெர்மனியில் பட்டம் முடித்தவருக்கு வேலை தேட 18 மாத அனுமதி உண்டு. படித்த துறையோடு தொடர்புள்ள தொழில் என்றால் பட்டதாரிகளுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் சுயதொழில் விசா விதிகள் தளர்வானவை. ஆஸ்திரியாவில் ரெட்-ஒயிட்-ரெட் கார்டு என்ற குடியிருப்பு, வேலை அனுமதியில் ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சுவிட்சர்லாந்துதான் கடினம்: பட்டம் முடித்தபின் ஆறு மாதம்தான், அதற்குப் பிறகு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அங்கே பெரும்பாலும் இணை நிறுவனர்களில் ஒருவர் சுவிஸ் அல்லது ஐரோப்பியக் குடிமகனாக இருந்து கம்பெனியை முதலில் நிறுவிவிட்டு, மற்றவரை ஊழியராக எடுக்க விண்ணப்பிக்கிறார்கள்.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. திங்கள்கிழமை காலை யாரைப் போய்ப் பார்க்க?

பரிமாற்ற அலுவலகத்தை. போகும்போது மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: யோசனையில் யார் யாருக்குப் பங்கு உண்டு, அந்த நேரத்தில் ஒவ்வொருவருக்கும் சம்பளம் எந்தத் திட்டத்திலிருந்து வந்தது, இதைப் பற்றி வெளியில் எங்காவது பேசியிருக்கிறீர்களா. இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரு தனியார் கம்பெனி நிதியளித்த திட்டம் என்றால், அந்த ஒப்பந்தத்தின் நகலைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டே போங்கள். அது இல்லாமல் அவர்களால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது.